3 கறவைக்கு எவ்ளோ வைக்கோல் வாங்கி வைக்கணும்? தை மாசத்துக் கணக்கு

தம்பி, நீங்க கேட்டது இதுதானுங்க: காங்கேயம் பக்கம் ஒன்றரை ஏக்கர் இருக்கு, 3 ஜெர்சி கலப்புக் கறவை, 1 சினைக் கிடேரி, 2 கன்னுக்குட்டி, கூட எட்டு ஆடு, போர்ல தண்ணி பங்குனியோட நின்னுடுது, போன வருஷம் சித்திரையில கேட்ட விலைக்கு வைக்கோல் வாங்கி பால் காசு பூரா அதுக்கே போயிடுச்சு, இந்த வருஷம் எவ்ளோ வாங்கணும், எப்போ வாங்கணும், எங்க அடுக்கறது, மீந்துட்டா என்ன பண்றது. வரிசையா சொல்லப் பார்க்கிறேன், நடுவுல கொஞ்சம் அங்க இங்க போவேன், பொறுத்துக்கோங்க. நான் தாராபுரம் பக்கம், மாடு கட்டுத்தரைய விட்டு நகராம இருக்கறது இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு.

முதல்ல ஒண்ணு. "எத்தனை லோடு வாங்கணும்"னு கேட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் எல்லாரும் வழுக்கி விழறோம். லோடுங்கறது ஒரு அளவே இல்ல. டிராக்டர் டிரெய்லர்ல ஏத்தினாலும் லோடு, ஈச்சர்ல ஏத்தினாலும் லோடு, மேல தூக்கி கட்டினாலும் லோடு, தளதளன்னு கட்டினாலும் லோடு. மாடு லோடு கணக்குல திங்கறது இல்லீங்க, கிலோ கணக்குல தினமும் திங்குது. அதனால நாள், தலை, கிலோ இந்த மூணையும் வெச்சுத்தான் ஆரம்பிக்கணும்.

மாட்டு எடை தெரியலன்னா ஒரு டேப் எடுத்துக்கோங்க. முன்னங்கால் பின்னாடி நெஞ்சைச் சுத்தி எத்தனை இஞ்ச்னு அளங்க, அப்பறம் தோள்பட்டை முனையில இருந்து பின்னாடி வாலுக்குப் பக்கத்துல இருக்கற பிட்டத்து எலும்பு முனை வரைக்கும் நீளம் எத்தனை இஞ்ச்னு அளங்க. சுற்றளவை சுற்றளவாலயே பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 660ஆல வகுத்தா கிலோ வந்துடும். சுத்து 66, நீளம் 60னா 396 கிலோ. ஜெர்சி கலப்பு பெரும்பாலும் 350ல இருந்து 400க்குள்ள நிக்கும். அந்த மாடு ஈரத்தை எல்லாம் கழிச்சுட்டுப் பார்த்தா உடம்பு எடையில நூத்துக்கு ரெண்டரையில இருந்து மூணு பங்கு தீவனம் திங்கும், அதாவது 10ல இருந்து 12 கிலோ காஞ்ச கணக்கு. பச்சைப்புல்லு 12 கிலோ போட்டா அதுல முக்கால்வாசிக்கு மேல தண்ணி, காஞ்ச கணக்குல ரெண்டரை கிலோவுக்குள்ளதான் வரும். அடர்தீவனம் 4 கிலோ போட்டா மூணரை. மிச்சம் அஞ்சு கிலோவைத்தான் வைக்கோலோ தட்டோ (காஞ்ச சோளப்பயிர்) நிரப்பணும், அதுலயும் கொஞ்சம் ஈரம் இருக்கறதால 6 கிலோன்னு வெச்சுக்கலாம். பச்சை சுத்தமா நின்னுபோச்சுன்னா அது 8 கிலோவுக்குப் போயிடும். இந்த 6க்கும் 8க்கும் நடுவுலதான் உங்க சித்திரை மாசமே அடங்கியிருக்கு.

இப்ப உங்க கட்டுத்தரைக்குப் போடுவோம். நம்ம பக்கம் மாசி ஆரம்பத்துல இருந்து ஆடி வரைக்கும் 180 நாள் வறட்சின்னு வைங்க. நடுவுல கோடை மழை ரெண்டு பெய்யும், பெஞ்சா லாபம், அதை நம்பி கணக்குப் போடாதீங்க. முதல் 90 நாள் போர்த் தண்ணியிலயும், அது நின்ன பிறகு அதுல வளர்ந்து நிக்கற புல்லுலயும் கொஞ்சம் பச்சை கிடைக்கும், அப்போ 3 கறவைக்கு தலைக்கு 6 கிலோ, 1620 கிலோ ஆச்சு. அடுத்த 90 நாள் பச்சை இல்ல, தலைக்கு 8, அது 2160. சினைக் கிடேரிக்கு தினம் 5 கிலோ, 180 நாளைக்கு 900. கன்னுக்குட்டி ரெண்டும் ஆறு மாசம் தாண்டினதுன்னு சொன்னீங்க, தலைக்கு 2 கிலோ, 720. கூட்டினா 5400 கிலோ. இதுக்கு மேல கால்ல மிதிச்சது, தீவனத் தொட்டியில இருந்து இழுத்துப் போட்டது, அடியில பூஞ்சாணம் பூத்துப்போனதுன்னு நூத்துக்கு 15 போயே தீரும், 810 சேர்த்தா 6210. அப்பறம் ஆடியில மழை தள்ளிப்போனா கையில இருக்கணும்னு இன்னும் ஒரு மாசத்துக்கு, நாளைக்கு 33 கிலோன்னு 990. ஆக மொத்தம் 7200 கிலோ.

ஏழு டன்னான்னு மலைக்க வேண்டாம், இதுல ஒரு பங்கு உங்க காட்டுலயே விளையுது, அதுக்கு வர்றேன்.

ஆட்டை நான் இதுல சேர்க்கவே இல்ல. ஆட்டுக்கு வைக்கோல் வாங்கறது வீண், அது மோந்து பார்த்துட்டு நம்ம மூஞ்சியப் பார்க்கும். அதுக்கு கடலைக்கொடி, உளுந்து தட்டைப்பயறு அடிச்ச பொட்டு, வேலியோரத்துல அகத்தி, கிளிசீரிடியா, சூபாபுல், உங்க பக்கம் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு) இருந்தா வெள்வேலங்காய், இதெல்லாம்தான். கடலைக்கொடியை தனியா ஒரு ஓரமா மழை படாம வெச்சுக்கோங்க, அது ஆட்டுக்கும் கறக்கற மாட்டுக்கும் மட்டும். வைக்கோல்ல புரதம் நூத்துக்கு 3, 4தான், நல்லா இலை உதிராம காஞ்ச கடலைக்கொடியில அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல இருக்கும். அதை எருமைக்கும் காளைக்கும் வாரி இறைக்கறவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும்.

இப்ப கட்டு விஷயம். முன்னெல்லாம் கை அறுப்பு, களத்துல அடிச்ச நீட்டு வைக்கோல், வண்டியில அள்ளிட்டு வருவோம். இப்ப மெஷின் அறுப்பு, பின்னாடியே கட்டு கட்டற மெஷின் வந்து உருளை உருளையா சுருட்டிப் போட்டுட்டுப் போயிடுது. விக்கறவரைக் கேட்டா "கட்டு 20 கிலோ வரும்ணா"ன்னு சொல்லுவாரு. அவரு பொய் சொல்றாருன்னு கூட சொல்ல மாட்டேன், அவரும் தூக்கிப் பார்த்திருக்க மாட்டாரு. கட்டோட எடை மெஷின் ஓட்டறவர் எவ்ளோ இறுக்கமா கட்டறாருங்கறதைப் பொறுத்தது, நெல்லு ரகத்தைப் பொறுத்தது, ஈரத்தைப் பொறுத்தது. நான் தொங்கு தராசுல போட்டுப் பார்த்ததுல 12ம் வந்திருக்கு, 18ம் வந்திருக்கு.

இது எங்க கொண்டுபோய் விடும்னு பாருங்க. 7200 கிலோ வேணும், கட்டு 20 கிலோன்னு நம்பி 360 கட்டு இறக்கிட்டு நிம்மதியா இருக்கீங்க. உண்மையில கட்டு 15 கிலோதான்னா உங்ககிட்ட இருக்கறது 5400. 1800 கிலோ குறையுது, நாளைக்கு 33 கிலோ, வீணாகறது சேர்த்து 38 கிலோ போற இடத்துல ஒன்றரை மாசத் தீவனம் காணாம போச்சு. அது காணாம போனதே உங்களுக்கு வைகாசியிலதான் தெரியும், வைக்கோல் போர் சட்டுன்னு பாதிக்கு இறங்கி நிக்கறப்போ. போன வருஷம் உங்களுக்கு நடந்தது இதுவாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணுது, நீங்க வாங்கினது குறைச்சல்னு நான் நினைக்கல, எடை குறைச்சல்.

அதனால சின்ன லோடுன்னா பத்து கட்டை அங்க இங்கன்னு உருவி தராசுல போட்டு சராசரி எடுங்க. மேல இருக்கறதை மட்டும் எடுக்காதீங்க, மேல எப்பவும் நல்ல கட்டுதான் இருக்கும். லாரின்னா எடை மேடைக்கு விடுங்க, வெறும் வண்டி ஒரு சீட்டு, லோடோட ஒரு சீட்டு. அந்தச் செலவு ரெண்டு கட்டு விலைக்குக் கூட வராது. எடை போடலாம்னு சொன்னதும் வியாபாரி முகம் மாறுச்சுன்னா அந்த லோடை விட்டுடுங்க.

எப்போ வாங்கறது? எங்கெல்லாம் நெல்லு அறுக்கறாங்களோ அங்க அறுப்பு நடக்கறப்போ. கீழ்பவானி வாய்க்கால்ல ஆகஸ்ட்ல தண்ணி விட்டு நடவு போட்டது மார்கழி தையில அறுப்புக்கு வரும். டெல்டாவுல சம்பா அறுப்பு தை மாசி. அந்த நேரத்துல நெல்லுக்காரருக்கு வயலைக் காலி பண்ணணும், வைக்கோல் அவருக்குத் தொந்தரவு, நமக்கு அது தீவனம். அதே வைக்கோல் சித்திரை கடைசியில யாரோ ஒருத்தர் கொட்டாயில இருந்து வரும், அவர் அடுக்கினதுக்கு, காத்ததுக்கு, காசு முடக்கினதுக்கு எல்லாம் சேர்த்துத்தான் உங்ககிட்ட வாங்குவாரு, அது நியாயமும்தான். எங்க பக்கம் தையில வாங்கினதுக்கும் சித்திரைக்கும் ஒன்றரை மடங்கு சாதாரணமா பார்த்திருக்கேன், மோசமான வருஷத்துல ரெண்டு மடங்கு.

2016ல வடகிழக்கு மழை நூத்துக்கு 62 குறைஞ்சு போச்சே, அந்த வருஷம் டெல்டாவுலயே வைக்கோல் இல்ல. 2017 ஜனவரியில தமிழ்நாடு பூராவும் வறட்சின்னு அறிவிச்சாங்க, அரசாங்கமே உலர் தீவனக் கிடங்கு திறந்து மானிய விலையில கொடுத்துச்சு. வரிசையில நின்னு வாங்கினவங்க எல்லாம் மாடு வளர்க்கத் தெரியாதவங்க இல்ல, அந்தத் தையில விலை கொஞ்சம் இறங்கட்டும்னு காத்திருந்தவங்க நிறையப் பேரு. ஐப்பசி கார்த்திகை மழை பொய்ச்சா அந்தத் தையில விலை இறங்காதுங்க, அந்த வருஷம் மட்டும் கார்த்திகையிலயே வாங்கிடுங்க, என்ன விலை சொன்னாலும்.

காசு ஒரே தடவையா புரட்ட முடியாதுன்னா தையில பாதி, மாசியில கால், மிச்சம் சொந்தத் தட்டுன்னு வைங்க. வாடகை பெரிய விஷயம். வைக்கோல் எடை கம்மி, இடம் ஜாஸ்தி அடைக்கும், லாரிக்காரருக்கு நிறைஞ்ச வண்டிதான் கணக்கு, அதனால தூரத்துல இருந்து வந்தா விலையில பெரும்பங்கு வாடகைக்கே போகும். பக்கத்துத் தோட்டம் ரெண்டு மூணு பேரு சேர்ந்து ஒரு முழு லாரி எடுங்க. வர்ற வழியில கரண்ட் கம்பி எங்கெல்லாம் தாழ்வா இருக்குன்னு நீங்களே ஒருதடவை பைக்குல போய்ப் பார்த்துட்டு டிரைவர்கிட்ட சொல்லிடுங்க. வைக்கோல் லாரி கம்பியில உரசி தீப்பிடிச்சதுன்னு வருஷத்துக்கு எத்தனை செய்தி படிக்கிறோம், பெரும்பாலும் ஊருக்குள்ள திரும்பற கடைசி சந்துலதான் நடக்கும்.

அடுத்தது ஈரம். இதை நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டேன். ஒரு வருஷம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு லோடு வந்துச்சு, விலையும் கம்மி, டார்ச் அடிச்சுப் பார்த்தா பொன்னு மாதிரி மஞ்சளா இருந்துச்சு, இறக்கச் சொல்லிட்டேன். இருபது நாள் கழிச்சு ஒரு கட்டைப் பிரிச்சேன். வெளிய நாலு விரல் கனத்துக்கு நல்லா இருக்கு, உள்ள போகப் போக பழுப்பு, நடு மையத்துல சாம்பல் பூசின மாதிரி வெள்ளைப் பூஞ்சாணம், உதறினா புகை மாதிரி கிளம்புது, மக்கின வாடை தொண்டையில பிடிச்சுக்கிச்சு. என் கறவை மோந்து பார்த்துட்டு ஒதுங்கிடுச்சு, கிடேரிதான் பசியில தின்னுட்டு ரெண்டு நாள் கழிச்சல். மூணுல ஒரு பங்கு குப்பைக்குழிக்குப் போச்சு. மார்கழிப் பனியில விடிகாலையில கட்டின கட்டு அது, வயல்ல ஈரம் காயறதுக்கு முன்னாடி சுருட்டினா பனி பூரா உள்ள மாட்டிக்கும். தெரிஞ்ச மெஷின்காரரா இருந்தா "பத்து பதினோரு மணிக்கு மேல கட்டுங்க"ன்னு சொல்லிப் பாருங்க, நாள் வாடகையில ஓட்டறவங்க கேக்கறது கஷ்டம்தான்.

வாங்கறப்போ பகல்ல வாங்குங்க. கட்டோட நடுவுல கையை முழங்கை வரைக்கும் விடுங்க, சில்லுன்னோ வெதுவெதுன்னோ இருந்தா ஈரம் இருக்குன்னு அர்த்தம். ஒரு கைப்பிடி எடுத்து முறுக்குங்க, காஞ்சது படபடன்னு ஒடியும், ஈரமானது கயிறு மாதிரி வளையும். நாலு கட்டையாவது அறுத்துப் பிரிச்சுப் பாருங்க. பூஞ்சாணம் பிடிச்சதை வெயில்ல காயவெச்சுப் போடலாமான்னு கேப்பீங்க, வேண்டாம். காயவெச்சா வாடைதான் போகும், விஷம் போகாது. வடக்க பஞ்சாப் பக்கம் பூஞ்சாணம் பிடிச்ச நெல் வைக்கோல் தின்னு எருமைங்களுக்கு வாலு நுனியும் காதும் அழுகி விழற டெக்னாலான்னு ஒரு நோயே இருக்கு. சினை மாட்டுக்கு இன்னும் ஆகாது. அதை உரக்குழிக்குப் போடுங்க, அங்க போனாலாவது அடுத்த வருஷம் காட்டுக்கு ஆகும்.

சொந்தத் தட்டுக்கு வர்றேன். ஒன்றரை ஏக்கர்ல ஒரு ஏக்கரை மானாவாரி சோளத்துக்கு விட்டீங்கன்னா, மழை கைகொடுத்தா எங்க காட்டு அனுபவத்துல ரெண்டு டன் காஞ்ச தட்டு வந்துடும். தட்டுக்குன்னே போடறதுன்னா விதையை நெருக்கி விடுங்க, தண்டு மெலிசா வரும், மாடு அடித்தண்டு வரைக்கும் திங்கும். இடைவெளி விட்டு விதைச்சா கரும்பு மாதிரி தடிச்சு நிக்கும், மாடு இலையை உருவித் தின்னுட்டு தண்டைக் கால்ல போட்டுக்கும். பூட்டை (சோளக்கதிர்) வந்து பால் பிடிக்கற நேரம் அறுத்து, காட்டுலயே நாலஞ்சு நாள் திருப்பித் திருப்பி காயவெச்சு, சின்னச் சின்னக் கட்டா கட்டி நிறுத்தி, அப்பறம் போர் போடுங்க. தானியத்துக்கு ஆசைப்பட்டு முத்த விட்டா தட்டுல சத்து இறங்கிடும், ரெண்டும் வேணும்னா ரெண்டும் அரைகுறையாத்தான் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மறந்துடாதீங்க. குருத்துச் சோளம், அதுலயும் வறட்சியில வாடி நின்னு ஒரு மழைக்கு மறுதாம்பு துளிர்த்த சோளம், மாட்டைக் கொன்னுடும். அதுல சயனைடு விஷம் ஊறுது. அவுத்துவிட்ட மாடு வேலி தாண்டி ஒரு அரைமணி நேரம் மேஞ்சா போதும், மூச்சு வாங்கி, வாயில நுரை தள்ளி, அப்படியே சாஞ்சுடும். டாக்டர் சீக்கிரம் வந்து தயோசல்ஃபேட் ஊசி போட்டா பொழைக்க வழியிருக்கு, நேரம்தான் கிடைக்காது. பூட்டை வர்ற வரைக்கும் பச்சையா போடாதீங்க. நல்லா காஞ்ச தட்டுல அந்த விஷம் பெருமளவு இறங்கிடும், பச்சையா வெட்டிப் போட்டுட்டே இருக்கறவங்களைவிட தட்டு போர் போடறவங்க நிம்மதியா தூங்கறது இதனாலயும்தான்.

தட்டு 2000 கிலோ போச்சுன்னா 7200ல மிச்சம் 5200 கிலோ. கட்டு 15 கிலோன்னா சுமார் 350 கட்டு. மலைக்கற அளவு இல்ல பாருங்க.

தட்டு நறுக்கற மெஷின், அதாங்க சாஃப் கட்டர், இருக்கா? இல்லன்னா இந்த வருஷம் வேற எது வாங்கலைன்னாலும் அதை வாங்கிடுங்க, கையால சுத்தறதா இருந்தாலும் சரி. முழுத்தட்டு போட்டா கால்வாசிக்கு மேல மிச்சம் வைக்கும், ஒரு இஞ்ச் ஒன்றரை இஞ்ச்சுக்கு நறுக்கிப் போட்டா அந்த மிச்சம் பெரும்பாலும் வயித்துக்குள்ள போயிடும். நாலஞ்சு மாசத்துல மெஷின் காசு எடுத்துடலாம். கையை மட்டும் பார்த்துக்கோங்க, சேலைத் தலைப்பு, துண்டு எதுவும் பக்கத்துல வரக்கூடாது.

எங்க அடுக்கறது. 5200 கிலோ உருளைக்கு 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் வேணும்னு வைங்க. பிரிச்சுப்போட்ட வைக்கோல்னா அதைவிட ரெண்டு மடங்கு இடம் கேக்கும். வீட்டுக்கும் கட்டுத்தரைக்கும் ஒட்டி வேண்டவே வேண்டாம், ஐம்பது அடியாவது தள்ளி, கரண்ட் லைன் அடியில இல்லாம பாருங்க. ஆடிக்காத்து நம்ம பக்கம் மேக்க இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும், போருக்குத் தீ பிடிச்சா காத்து அதை வீட்டுப் பக்கம் தள்ளற மாதிரி மேக்கால போடாதீங்க. அடியில கல்லு பரப்பி அதுக்கு மேல பனங்கட்டையோ பழைய தென்னைமரமோ போட்டு ஒரு அடி தூக்கிடுங்க. தரையோட போட்டா அடி வரிசையை ஒரு பக்கம் ஈரம் தின்னும், இன்னொரு பக்கம் கறையான் தின்னும்.

மேல தார்ப்பாய் போடறது எல்லாரும் பண்றதுதான், ஆனா தரை வரைக்கும் இழுத்து மூட்டை கட்டற மாதிரி கட்டாதீங்க. உள்ள இருக்கற கொஞ்ச ஈரம் ஆவியாகி தார்ப்பாயில பட்டு திரும்ப வைக்கோல் மேலயே சொட்டும், மழையே பெய்யாம போர் நனையும். உச்சியை மட்டும் கூரை மாதிரி சரிவா மூடி, பக்கத்தைத் திறந்து விடுங்க. எங்க அப்பா தார்ப்பாயே போட்டது இல்ல. தட்டையே ஓலை வேயற மாதிரி உச்சியில சரிச்சு அடுக்கி, மேல வைக்கோல்லயே பிரி (கயிறு) திரிச்சு கல்லு கட்டி தொங்கவிடுவாரு. ஐப்பசி மழை பூரா வாங்கியும் ஒரு சாண் கீழ கையை விட்டா பொடி பறக்கும். எனக்கு அந்தக் கை வரல, நான் தகரக் கொட்டாய் போட்டுட்டேன்.

எடுக்கறப்போ ஒரே பக்கத்துல இருந்து மேலிருந்து கீழ எடுங்க, பழசு முதல்ல போகட்டும். நடுவுல குடையாதீங்க, குடைஞ்ச போர் சரியும், அதுல பாம்பும் குடியேறும். கட்டு உருவறதுக்கு முன்னாடி குச்சியால நாலு தட்டு தட்டிட்டு கையை விடுங்க. கோழி முட்டை வெச்சிருக்கும்னு எங்க வீட்டுல குழந்தைங்க போர்ல ஏறுவாங்க, அதையும் அடக்கி வைக்க வேண்டியதா இருக்கு.

வெறும் வைக்கோலோட நிறுத்திடாதீங்க. வயிறு ரொம்பும், உடம்பு வத்தும். நெல் வைக்கோல்ல இருக்கற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், அதனால தாது உப்புக் கலவை கறவைக்கு தினம் 50 கிராம் போட்டே ஆகணும். புண்ணாக்கைக் குறைச்சு மிச்சம் பிடிக்கலாம்னு பார்க்காதீங்க, வைக்கோல் நாள்ல புரதம் வர்றதே அது வழியாத்தான். கூடவே ஒரு நல்லதும் இருக்கு, நார்த்தீவனம் ஒழுங்கா போனா பால்ல கொழுப்பு நிக்கும், சொசைட்டியில டெஸ்ட் பார்த்துக் காசு போடறப்போ தெரியும்.

யூரியா வைக்கோல் பத்திக் கேட்டிருந்தீங்க. வேலை செய்யும், ஆனா அளவு தப்பினா மாடு போயிடும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50ல இருந்து 60 லிட்டர் தண்ணி, யூரியா ஒரு மணிகூட மிச்சமில்லாம கரையணும். அடுக்கு அடுக்கா தெளிச்சு, மிதிச்சு இறுக்கி, காத்து புகாம 21 நாள் மூடி வைக்கணும். எடுத்து ஒரு மணி நேரம் ஆறப்போட்டு, மூக்கைத் துளைக்கற அந்த நெடி போன பிறகு, கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். 4 கிலோ நல்லதுன்னா 6 கிலோ இன்னும் நல்லதுன்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க. ஆறு மாசத்துக்கு உட்பட்ட கன்னுக்கு வேண்டாம். யூரியா கரைச்ச தண்ணி வாளியை மாடு நக்கற இடத்துல வெக்கவே வெக்காதீங்க. முதல் தடவை பண்றப்போ கால்நடை மருந்தகத்துல கேட்டுட்டு, அம்பது கிலோவுக்கு மட்டும் பண்ணிப் பாருங்க.

சைலேஜ், அதாவது பச்சைத் தீவனத்தைக் காத்து புகாம அடைச்சுப் பதப்படுத்தினது, வாங்கறது உங்க அளவுக்கு எனக்குச் சரியாப் படல. மக்காச்சோளம் பால் பிடிச்ச பருவத்துல வெட்டி நீங்களே டிரம்முலயோ பையிலயோ அடைச்சா சரி, விலைக்கு வாங்கினா பாதி காசு தண்ணிக்குக் கொடுக்கறீங்க, அதுல தண்ணிதான் மூணுல ரெண்டு பங்கு. மிச்ச அரை ஏக்கர்ல கோ 4, கோ 5ன்னு சொல்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லு போடுங்க, பங்குனி வரைக்கும் தண்ணி இருக்கறதால மாட்டுக்கு 15 சென்ட் கணக்கு வெச்சா முதல் 90 நாள் பச்சை தாங்கும்.

இந்தக் கணக்கெல்லாம் போட்டும் கைக்கு எட்டலைன்னா தலையைக் குறைக்கணும். சொன்னா கோவிச்சுக்காதீங்க, 3 கறவையில எது கறவை வத்தி சினையும் நிக்காம இருக்கோ அதை மாசிக்குள்ள ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கு ஏத்திடுங்க. பங்குனி சித்திரையில எல்லாரும் தீவனம் இல்லாம ஓட்டிட்டு வருவாங்க, அப்போ மாட்டு விலை இறங்கியும் வைக்கோல் விலை ஏறியும் நிக்கும், ரெண்டு பக்கமும் அடி. ஒரு மாடு ஆறு மாசத்துல திங்கற 1260 கிலோ மிச்சமானா மத்த ரெண்டும் வயிறார திங்கும்.

கடைசியா, மீந்துட்டா நஷ்டம்தானேன்னு கேட்டீங்க. நனையாத வைக்கோல் ஒரு வருஷம் கழிச்சும் மாடு திங்கும், நிறம்தான் கொஞ்சம் மங்கும். ஆடி கடைசியில போர்ல எத்தனை கட்டு இருக்குன்னு எண்ணி எழுதி வைங்க, அடுத்த தையில அத்தனை கட்டு கம்மியா வாங்கினாப் போதும். பக்கத்துல சிப்பிக் காளான் போடறவங்க இருந்தா அவங்களே தேடி வந்து கேப்பாங்க, ஆனா புரட்டாசி மழை நல்லா விழுந்து காட்டுல புல்லு எந்திரிக்கற வரைக்கும் யாருக்கும் கொடுக்காதீங்க.